சிக்னாகியைப் பற்றி, குடிக்காதவன் எழுதும் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜார்ஜியா நாட்டின் சிக்னாகி என்ற மலையூரைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்தது. ஒயினுக்கும் கம்பளத்துக்கும் பேர்போன பழைய ஊர், எதிரே காக்கசஸ் மலை என்று படங்களோடு நன்றாகவே போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், மதுவிலக்கு முதன்முதலில் வந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஒயின் ஊருக்கு விளம்பரம் போடலாமா என்று காட்டமாகக் கேட்டிருந்தார். கட்டுரையைப் பற்றியும் கடிதத்தைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. நீளமாகத்தான் வரும், இடமிருக்கிற அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடிதக்காரர் சொன்ன சரித்திரம் சரிதான். ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைத் தொடங்கியது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்தச் சேலத்துக்குள் அடக்கம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் நம் ஓசூர் பக்கம்தான். ஆக இந்த வட்டாரத்து ஆள் ஒருவர் ஒயின் என்றதும் முகம் சுளித்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தால் டாஸ்மாக் வாசலில் நிற்கிற கூட்டத்தையும், அதில் பாதிப் பேர் வீட்டில் நடக்கிற கூத்தையும் தினமும் பார்க்கிறவர்கள் நாம்.

ஆனால் அந்தக் கண்ணோடு மட்டும் சிக்னாகியைப் பார்த்தால் அங்கே நமக்கு உதவுகிற விஷயம் ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். நான் குடிக்கிறவன் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு வைத்துப் பிழைக்கிறவன். மகள் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள், அவளைப் பார்க்க நானும் என் மனைவியும் போன சாக்கில் சிக்னாகியையும் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே ஒயின் என்பது முதலில் விவசாயம். திராட்சை போடுகிற குடும்பமே அதை மிதித்து, ஊறவைத்து, தன் வீட்டுப் பெயரை ஒட்டி வாசலில் வைத்து விற்கிறது. மாங்காயை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் காய்ந்து, அவர்கள் சொல்கிற விலைக்குக் கொட்டிவிட்டு வருகிற என்னை மாதிரி ஆளுக்கு அந்த ஊரில் வேறு எதைவிடவும் அதுதான் உறைத்தது.

சரி, முதலில் ஊரைச் சொல்கிறேன். ஜார்ஜியா என்றால் அமெரிக்க மாநிலம் இல்லை, கருங்கடலுக்குக் கிழக்கே, ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கிற சின்ன நாடு. அதன் கிழக்குப் பகுதிக்குக் ககேதி என்று பெயர், திராட்சை அங்கேதான் அதிகம். திபிலிசியிலிருந்து சிக்னாகி சுமார் 110 கிலோமீட்டர். சம்கோரி மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் மர்ஷ்ருட்கா என்கிற வேன் கிடைக்கும், நம் மினிபஸ் கணக்குதான், ஆள் நிரம்பினால் கிளம்புகிற ரகம். இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் இருக்கிறது. 2014 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,500க்கும் கொஞ்சம் குறைவு. காவேரிப்பட்டணத்தில் சந்தை நாளன்று ஒரு தெருவில் நிற்கிற கூட்டம்கூட அந்த ஊர் மொத்தத்திலும் இல்லை.

ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கும் மேல் கோட்டைச் சுவர் போகிறது, அதில் 23 கோபுரங்கள். இரண்டாம் எரெக்லே என்ற ராஜா 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் தாகெஸ்தானிலிருந்து வந்து கொள்ளையடிக்கிறவர்களுக்குப் பயந்து கட்டினார். உங்கள் கட்டுரையில் சுவரின் படம் இருந்தது, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதியை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக் கிராமம் ஒன்றின் பெயர். எதிரி வருகிறான் என்றால் கிராமத்து ஜனங்கள் ஆடுமாடு குழந்தைகுட்டியோடு மேலே ஏறி வந்து சுவருக்குள் புகுந்துகொள்வார்களாம், அதற்காகவே சுவருக்குள் அவ்வளவு இடத்தை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். எரெக்லேயின் காலம் 1720லிருந்து 1798 வரை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பாராமகால் என்று அப்போது சொன்ன நம் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்துக் கோட்டைகளுக்காக ஹைதரும் திப்புவும் வெள்ளைக்காரனோடு மோதிக்கொண்டிருந்தார்கள், 1792இல் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையையும் ராயக்கோட்டையையும் ஏறிப் பார்த்தவர்களுக்குச் சிக்னாகிச் சுவர் ஒன்றும் மிரட்டுகிற உயரம் இல்லை. ஆனால் அங்கே சுவர்மேல் நடக்கலாம், வயதானவர்களும் கைப்பிடி பிடித்துப் போகலாம். நம் கோட்டைகளுக்கு வெளியூர் உறவுக்காரரை அழைத்துக்கொண்டு போவதற்கு முன்னால் நான் தண்ணீர் பாட்டிலை எண்ணிக்கொள்கிறேன், வீட்டுப் பெண்கள் கழிவறைக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

சுவரில் நின்று வடக்கே பார்த்தால் கீழே அலசானி ஆற்றுச் சமவெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் கோடு கிழித்தது மாதிரி திராட்சை வரிசைகள், அதற்கு அப்பால் பெரிய காக்கசஸ் மலைத்தொடர், உச்சியெல்லாம் பனி. மலைக்கு அந்தப் பக்கம் ரஷ்யா. இங்கே ஒரு நடைமுறை விஷயம். மலை காலையில்தான் தெரியும். வெயில் ஏற ஏறச் சமவெளியிலிருந்து மூட்டம் கிளம்பி மதியத்துக்குள் மலையைத் துடைத்துப் போட்டுவிடுகிறது. திபிலிசியிலிருந்து வருகிற ஒருநாள் டூர் பஸ்கள் சரியாக அந்த மதிய நேரத்துக்குத்தான் வந்து சேர்கின்றன, இறங்குகிறார்கள், ஒரு கடையில் ஒயின் ருசி பார்க்க வைக்கிறார்கள், ஒரு கம்பளக் கடைக்குள் விடுகிறார்கள், ஒரு செல்ஃபி, திரும்ப பஸ். எங்கள் மகளோடு படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அப்படிப் போய்வந்து, அங்கே ஒன்றுமில்லை, வெறும் குடிதான் என்றார்கள். மூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? ராத்தங்கினால்தான் அந்த ஊர். வீடுகளிலேயே அறை வாடகைக்கு விடுகிறார்கள், விடிகாலையில் திண்ணை மாதிரி நீட்டியிருக்கிற மர பால்கனியில் உட்கார்ந்தால் எதிரே மலை முழுசாக நிற்கிறது.

இப்போது ஒயின். நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் முதல் நாளே நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரானி என்கிறார்கள். உள்ளே போனால் பீப்பாயும் இல்லை, பாத்திரமும் இல்லை, தரையில் வட்ட வட்டமாகக் கல் மூடிகள்தான். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கீழே ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஒரு மண்பாண்டம், கழுத்துவரை பூமிக்குள் புதைத்தது. நம் பக்கம் தோண்டுகிறபோது கிடைக்கிற முதுமக்கள் தாழியே அடி கூராகிப் பெரிதானது மாதிரி. க்வெவ்ரி என்று பெயர். உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் திராட்சை அறுப்பு, அதற்கு ர்த்வேலி என்று பெயர், நம் பொங்கல் மாதிரி ஊரே கூடிச் செய்கிற வேலை. பிழிந்த சாற்றைத் தோல், விதை, சில வீடுகளில் காம்போடுகூட இதற்குள் ஊற்றுகிறார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் போடுவதில்லை, தோலிலேயே இருப்பது போதும், தானாகவே நுரைத்துப் பொங்கும். பொங்குகிற நாட்களில் ஒரு நீளக் கோலால் மேலே மிதக்கிற தோலை அமுக்கி அமுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் புளித்து வீணாகும். அப்புறம் கல்லை வைத்து மண்ணால் பூசி மூடி, பூமிக்குள் சூடும் குளிரும் ஒரே சீராக இருப்பதால் ஐந்தாறு மாதம் அப்படியே விட்டு, வசந்த காலத்தில் திறக்கிறார்கள். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைப்பதால் அந்த ஒயின் தேன் நிறத்தில் இருக்கிறது. காலியானதும் பாண்டத்தைக் கழுவுகிற வேலைதான் கஷ்டம். ஆள் உள்ளே இறங்கி, செர்ரி மரப்பட்டையில் செய்த தேய்ப்பானால் தேய்த்துக் கழுவுகிறார். வீட்டுக்காரரின் முழங்கை இரண்டும் காய்ப்பு காய்ச்சியிருந்தது.

இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 8,000 வருஷப் பழமை என்று அங்கே கடைப்பையிலும் அச்சடித்திருக்கிறார்கள். அது சும்மா அளப்பு இல்லை, 2017இல் வெளியான ஆய்வில் கி.மு. 6000 வாக்கிலான பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடம் திபிலிசிக்குத் தெற்கே, சிக்னாகியில் இல்லை. வழிகாட்டிகள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை, நம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அதைப் பற்றிக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

குடிக்கவில்லை என்று சொன்னபோது வீட்டுக்காரருக்கு வருத்தம்தான். கோபப்படவில்லை. திராட்சைச் சாற்றை மாவு கலந்து கூழாகக் காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட் பருப்பை அதில் முக்கி முக்கிக் காயவைத்த சுர்ச்கெலா என்ற பண்டத்தை எடுத்துவந்து கையில் திணித்தார். கடைத்தெருவில் இதுதான் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பழங்காலத்தில் சண்டைக்குப் போகிற சிப்பாய்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போவார்களாம். சைவக்காரர்கள் பட்டினி கிடப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். பீன்ஸ் பயறை அரைத்து உள்ளே வைத்த லோபியானி ரொட்டி, அக்ரூட் அரைப்பில் சுருட்டிய கத்தரிக்காய், சீஸ் வைத்த கச்சாபுரி, தோனே என்கிற மண் அடுப்பின் உட்சுவரில் அப்பிச் சுடுகிற ரொட்டி. ஒரே குறை, காரம் என்றால் என்னவென்று தெரியாத நாக்கு அவர்களுடையது. என் மனைவி ஊறுகாய் பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைக்கவே இல்லை.

ஒயின் வைத்துத்தான் அந்த ஊர் விசேஷங்கள் எல்லாமே என்பதால், கிண்ணத்தைத் தூக்குவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பந்தியில் தமாதா என்று ஒருவர் இருப்பார், அவர் எழுந்து பேசி முடித்தால்தான் மற்றவர்கள் குடிக்கலாம். செத்துப்போனவர்களுக்கு ஒரு பேச்சு, குழந்தைகளுக்கு ஒரு பேச்சு, வந்த விருந்தாளிக்கு ஒரு பேச்சு. பக்கத்து வீட்டு விருந்து ஒன்றில் உட்கார்ந்து பார்த்தோம், பேச்சு நீளுகிற நீளத்துக்குக் குடி கம்மிதான். இதை வைத்து அங்கே குடிகாரனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. திராட்சைச் சக்கையைக் காய்ச்சி சாச்சா என்று ஒரு சாராயமும் வடிக்கிறார்கள், வாசனையே தலையைச் சுற்றும்.

நம் கடிதக்காரருக்கு ஒரு தகவல். மதுவிலக்கு வாதத்தை அந்த மண்ணும் பார்த்திருக்கிறது. 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் குடிக்கு எதிராகப் பெரிய இயக்கம் நடத்தினார், அதில் அப்போது சோவியத்துக்குள் இருந்த ஜார்ஜியாவிலும் திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்கினார்கள். அதற்கு முன்பும் சோவியத் காலத்தில் பெரிய ஃபேக்டரிகளுக்கு டன் கணக்கில் திராட்சை போட்டதுதான், தரம் பற்றிக் கேள்வி கிடையாது, எடை மட்டும்தான். நாட்டில் 500க்கும் மேற்பட்ட திராட்சை ரகங்கள் இருந்தும், ஃபேக்டரி கேட்டது கைவிட்டு எண்ணக்கூடிய சில ரகங்களைத்தான். பழைய ரகங்களும் க்வெவ்ரியும் தப்பித்தது வீட்டுக்கு வீடு தங்கள் சொந்த உபயோகத்துக்கென்று வைத்துக்கொண்ட கொல்லைக் கொடிகளால்தான். அப்புறம் 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. அதுவரை ஏற்றுமதியில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்தது அவர்கள்தான், ஒரே நாளில் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? போட்ட சரக்கெல்லாம் தேங்கியது. வேறு நாட்டுக்காரனுக்கு விற்க வேண்டுமென்றால் மலிவுச் சரக்கு எடுபடாது, அதனால்தான் ஆளாளுக்குத் தன் ரகம், தன் பாண்டம், தன் பெயர் என்று மாறினார்கள். 2013இல் தடை நீங்கியது, இப்போது பழையபடி ரஷ்யாதான் பெரிய கிராக்கி, அதில் அவர்களுக்கே பயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர், பெரிய கம்பெனிகள் வேண்டுமானால் மாஸ்கோவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், என் பாட்டில் என் வாசலில் விற்றால் போதும் என்றார். மகள்தான் அவர் பேச்சை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் பெங்களூரா மாங்காயைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. தமிழ்நாட்டிலேயே அதிகமாக மாங்காய் விளைகிற மாவட்டம் நம்முடையது. அதில் பெரும்பங்கு பெங்களூரா, அது போவது மாங்கூழுக்கு. ஃபேக்டரி எடுத்தால் விலை, எடுக்காவிட்டால் ரோட்டில் கொட்ட வேண்டியதுதான். 2025 சீசனில் விலை தரைக்கு விழுந்தபோது பறிக்கூலிகூட வராது என்று மரத்திலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும், நானும் பாதியைப் பறிக்கவில்லை. நம் கூழ் டிரம்மில் ஏறிக் கப்பலில் போய் யாரோ ஒருவர் ஜூஸ் பாட்டிலில் அவர் பெயரோடு வருகிறது, அதில் காவேரிப்பட்டணமும் இல்லை, பர்கூரும் இல்லை, போச்சம்பள்ளியும் இல்லை. செந்தூரா, பீத்தர், மல்கோவா, இமாம்பசந்து, நீலம் என்று நம்மிடம் எத்தனை ரகம்! சந்தூர் நர்சரிகளில் ஒட்டுக்கன்று வாங்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். கன்றுக்குப் பெயர் இருக்கிறது, காய்க்குப் பெயர் இருக்கிறது, தோட்டத்துக்காரனுக்கு மட்டும் பெயர் இல்லை.

கூழ் ஃபேக்டரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவை இல்லாவிட்டால் இந்த அளவு மாங்காயை என்ன செய்வது? ஆனால் சீசன் சமயத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற ஆயிரக்கணக்கான கார்களில் ஒன்றாவது தோப்புக்குள் திரும்பி, இந்த மரத்துக் காய், இந்த வீட்டு ஊறுகாய், இந்த அம்மா மாம்பழக் கூழைக் காயவைத்துப் போட்ட மாந்திரை என்று உட்கார்ந்து சாப்பிட்டு வாங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஏற்பாடு ஏன் நம்மிடம் இல்லை? ரோட்டோரம் சாக்கு விரித்து விற்பதோடு சரி. ஒயினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாங்காயை வைத்துச் சிக்னாகியைப் படித்துப் பாருங்கள் என்பதுதான் கடிதக்காரருக்கு என் வேண்டுகோள்.

கம்பளத்துக்கு வருகிறேன். கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள், என் மனைவிக்கு அதில் கோபம். அவள் பிறந்தது பவானியில், ஜமக்காளம் நெய்கிற வீட்டில், குழித்தறி சத்தத்தில் வளர்ந்தவள். சிக்னாகித் தெருவில் சுவரெல்லாம் கம்பளம் தொங்குகிறது, சிவப்பும் கருநீலமுமாகப் பார்க்க அழகுதான். முதல் கடையில் கடைக்காரர் இது பாட்டி காலத்துக் கைவேலை என்று விரித்துப் போட்டதும் அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, மூலையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏங்க, இதப் பாருங்க, பின்னாடி பசை பூசியிருக்கு. குஞ்சம் தனியா வெச்சுத் தெச்சிருக்காங்க." கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்னால் இருக்கிற பூ பின்னாலும் அப்படியே தெரிய வேண்டும், முடிச்சுகள் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருக்கக் கூடாது, குஞ்சம் என்பது பாவு நூலே நீண்டு வருவதாக இருக்க வேண்டும். அங்கே தொங்குவதெல்லாம் அந்த ஊரில் நெய்தது இல்லை, மிஷின் சரக்கும் வெளியூர்ச் சரக்கும் கலந்துதான் கிடக்கிறது.

ஆனால் தேடினால் அசல் நெசவும் இருக்கிறது. ஒரு சின்னப் பட்டறையில் பெண்கள் செங்குத்துத் தறியின் முன்னால் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். பாவு மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டியிருக்கிறது, ஒவ்வொரு முடிச்சும் விரலால் போட்டு, கத்தியால் அறுத்து, ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். முடிச்சில்லாமல் தட்டையாக நெய்கிற பார்தாகி என்ற இன்னொரு வகையும் உண்டு, நம் ஜமக்காளத்துக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். ஆனால் இது கம்பளி, நம்முடையது பருத்தி. சாயத்துக்கு மஞ்சிட்டி இனத்து வேர் சிவப்பு, அக்ரூட் மேல்தோல் பழுப்பு, வெங்காயத் தோல் மஞ்சள். என் மனைவியும் அந்தப் பெண்ணும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் அந்தச் சீப்பை வாங்கி ஒரு வரிசை அடித்தாள். அந்தப் பெண் அதைப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டாள் என்பதில் இவளுக்கு இன்றுவரை பெருமை. பவானி ஜமக்காளத்துக்கு 2005இல் புவிசார் குறியீடு வாங்கினோம், இன்றும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் பாதி விலைக்கு விற்கிறது, கைத்தறிக்காரர்கள் பிள்ளைகளைக் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போலிச் சரக்குத் தொல்லை இரண்டு ஊருக்கும் பொது. வித்தியாசம், அங்கே தறி கடைத்தெருவிலேயே இருக்கிறது, வாங்குகிறவன் நெய்கிறவளைப் பார்த்துவிட்டு வாங்குகிறான்.

ஊரில் இன்னும் இரண்டு மூன்று இடங்கள். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சுவர், இரண்டாம் உலகப் போரில் செத்த அந்த வட்டாரத்து ஆட்களின் பெயர்கள் வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறது. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. நடுகல் நிறைந்த தருமபுரிப் பக்கத்து ஆளுக்கு அந்தச் சுவரைக் கடந்து சட்டென்று போக முடியாது. ஊர் மியூசியத்தில் நீக்கோ பிரோஸ்மானியின் ஓவியங்கள் இருக்கின்றன. 1862இல் பக்கத்து மிர்சானி கிராமத்தில் பிறந்தவர், சாப்பாட்டுக் கடைகளுக்குப் போர்டு எழுதிக் கொடுத்துச் சாப்பாடும் ஒயினும் கூலியாக வாங்கியவர், 1918இல் வறுமையில் செத்துப்போனார். இன்று அவர் அந்த நாட்டுக்கே பெரிய ஓவியர். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் போட்பே மடம். 4ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த நீனோ என்ற பெண் துறவியின் சமாதி அங்கே. அவர் கையில் வைத்திருந்த சிலுவை திராட்சைக் கொடியை ஒடித்துத் தன் தலைமுடியால் கட்டியது என்பது கதை. அந்த ஊரில் சாமியும் திராட்சையிலிருந்துதான் தொடங்குகிறது. பெண்கள் தலையில் முக்காடு போட வேண்டும், என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டதும் வாசலில் இருந்த கன்னிகாஸ்திரி சிரித்தார்.

எல்லாம் அற்புதம் என்று சொன்னால் பொய். 2007இல் அரசாங்கம் ஊர் முழுவதையும் புதுப்பித்ததில் சில தெருக்கள் சினிமா செட் போட்ட மாதிரி ஆகிவிட்டன, பழைய மர பால்கனிக்கும் புதிதாகப் பழசு பண்ணியதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. காதல் நகரம் என்று பெயர் வைத்து 24 மணி நேரமும் கல்யாணம் பதிவு செய்கிற அலுவலகம் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது தேவையில்லாத ஜிகினா வேலையாகப் பட்டது, மகளுக்குப் பிடித்திருந்தது. இளவட்டங்கள் திபிலிசிக்குப் போய்விட்டார்கள், பல வீடுகளில் கிழவன் கிழவிதான். பனிக்காலத்தில் பாதிக் கதவு சாத்தியிருக்குமாம்.

பிள்ளைகளை அங்கே படிக்க வைத்திருக்கிற நம் மாவட்டத்துப் பெற்றோர்களுக்கு: விசாவை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையோ, செப்டம்பர், அக்டோபரிலோ போங்கள், அறுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் முதல் பாதி. இரவில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். தெருவெல்லாம் கல் பாவியது, மேடும் பள்ளமுமாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ. பழைய கம்பளம் வாங்கினால் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும், கடைக்காரரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏர்போர்ட்டில் போய் நிற்காதீர்கள்.

ஆசிரியருக்கு ஒன்று. கிருஷ்ணகிரியில் வருஷா வருஷம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. பெரிய மாங்காய்க்குப் பரிசு, மாங்காயில் செய்த மயில், ராட்டினம், அமைச்சர் ரிப்பன் வெட்டுகிற படம் என்று நீங்களும் தவறாமல் போடுகிறீர்கள். இந்தத் தடவை உங்கள் நிருபரை அங்கே பரிசு வாங்குகிற விவசாயிகள் நாலு பேரிடம், உங்கள் மாங்காய் உங்கள் பெயரில் எங்கேயாவது விற்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே போடுங்கள், மயில் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாந்தோப்புக்காரர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.